தாமதித்தது அலுவலகம், கடனாளி ஆனவர் படைவீரர்

அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றி வெளியே வந்தவர்களுக்கு வாழ்நாள் முழுக்க மருத்துவம் இலவசம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அமெரிக்கர்களிலேயே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் ஒரு பகுதியினருக்குத்தான் எல்லாமே இலவசம். மற்றவர்கள் மருத்துவரைப் பார்க்கும்போதும் மருந்து வாங்கும்போதும் ‘கோபே’ எனப்படும் பங்குத்தொகையைக் கட்ட வேண்டும். தொகை பெரியதல்ல. அதைக் கட்ட மாட்டேன் என்று சொல்பவர்களும் அதிகமில்லை. ஆனால் அந்தத் தொகை எப்போது கேட்கப்படுகிறது என்பதில்தான் பல குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன.

சிகிச்சை முடிந்து பல மாதங்கள் கழித்து, சில நேரம் ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து, மறந்தே போன சந்திப்புகளுக்கெல்லாம் மொத்தமாகப் பில் வருகிறது. மாதம் 50 டாலர் என்று வந்திருந்தால் சமாளித்திருப்பார்கள். 1,500 டாலர் ஒரே கடிதத்தில் வந்தால், ஓய்வூதியத்தை நம்பி வாழும் ஒருவர் என்ன செய்வார்? அந்தத் தாமதத்தில் அவருடைய பங்கு எதுவும் இல்லை. அலுவலகத்தில் கோப்பு தேங்கியது, அவ்வளவுதான். அதன் விளைவை மட்டும் அவர் தலையில் வைப்பது நியாயமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. இது எப்படி நடக்கிறது, சட்டம் எதுவரை காக்கிறது, எங்கே கைவிடுகிறது என்று பார்க்கலாம்.

யாருக்கு இலவசம், யாருக்குக் கட்டணம்

அமெரிக்கப் படைவீரர் நலத் துறையை அங்கே எல்லோரும் ‘வி.ஏ.’ என்றே சொல்கிறார்கள். 1930இல் தொடங்கப்பட்டு, 1989இல் அமைச்சரவைத் தகுதி பெற்ற துறை இது. சுமார் 170 பெரிய மருத்துவமனைகளும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளினிக்குகளும் இதன் கீழ் இயங்குகின்றன. பதிவு செய்துகொண்ட படைவீரர்கள் ஏறக்குறைய 90 லட்சம் பேர்.

1996இல் வந்த ஒரு சட்டம், பதிவு செய்தவர்களை முன்னுரிமைப் பிரிவுகளாக வகுத்தது. இன்று அவை எட்டு. ராணுவப் பணியால் ஏற்பட்ட காயத்துக்கோ நோய்க்கோ வி.ஏ. ஒரு சதவீதம் நிர்ணயிக்கும். அந்த ரேட்டிங் 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் கோபே எதுவும் கிடையாது. 10 முதல் 40 வரை இருந்தால் மருத்துவரைப் பார்க்கக் கட்டணமில்லை, ஆனால் பணியோடு தொடர்பில்லாத நோய்களுக்கான மருந்துக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். ரேட்டிங்கே இல்லாதவர்களில் வருமானம் குறைவானவர்களுக்கு விலக்கு உண்டு, மற்றவர்கள் கட்ட வேண்டும்.

எவ்வளவு? பொது மருத்துவரைப் பார்க்க 15 டாலர், சிறப்பு மருத்துவருக்கு 50 டாலர். இந்த இரண்டும் இருபது வருடங்களுக்கு மேலாக மாறவில்லை. மருந்துக்கு 30 நாள் அளவுக்கு 5, 8, 11 டாலர் என்று மூன்று அடுக்குகள் 2017இல் வந்தன. மருந்துக் கோபே வருடத்துக்கு 700 டாலரைத் தாண்டாது. வருமானம் கூடியவர்களுக்கான எட்டாம் பிரிவில் இருப்பவர் மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால்தான் செலவு பெரிதாகும், முதல் 90 நாட்களுக்கு 1,600 டாலருக்கும் மேல்.

இந்தக் கட்டணங்கள் ஆரம்பத்திலிருந்தே இருந்தவை அல்ல. 1986இல், பட்ஜெட் பற்றாக்குறையைச் சமாளிக்கும் ஒரு சட்டத்தின் வழியாகத்தான் வருமானச் சோதனையும், தனியார் இன்சூரன்ஸ் நிறுவனங்களிடம் வி.ஏ. பணம் கேட்கும் உரிமையும் வந்தன. 1990இல் மருந்துக்கு 2 டாலர் கோபே வந்தது, 2002இல் அது 7 ஆனது. 1997இல், இப்படி வசூலாகும் பணத்தை வி.ஏ.வே தன் மருத்துவமனைகளுக்காக வைத்துக்கொள்ளலாம் என்று இன்னொரு சட்டம் அனுமதித்தது. ஆக, சிகிச்சை தருவதற்காக உருவான ஓர் அமைப்பின் மேல் பில் போட்டு வசூலிக்கும் வேலை பிற்பாடு ஏற்றப்பட்டது. அந்தப் பொருத்தம் இன்றுவரை சரியாக அமையவில்லை.

பில் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது

ஒரு சந்திப்பு பில்லாக மாறுவதற்கு முன் அது பல கைகளைத் தாண்ட வேண்டும். மருத்துவர் தன் குறிப்பை எழுதி முடிக்க வேண்டும். அதைப் படித்து ஒருவர் மருத்துவக் குறியீடு போட வேண்டும். அப்புறம் முக்கியமான ஒரு கேள்வி: இந்தச் சிகிச்சை ராணுவப் பணியால் வந்த நோய்க்கா, இல்லையா? ஆம் என்றால் கோபே கிடையாது. இல்லை என்றால் உண்டு.

கேட்பதற்கு எளிதான கேள்விதான். ஆனால் ஒருவருக்கு முழங்காலுக்கு மட்டும் ரேட்டிங் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடம் காலைச் சாய்த்து நடந்ததில் இடுப்பு வலிக்கிறது, அதற்காக மருத்துவரிடம் போகிறார். இடுப்புக்கு ரேட்டிங் இல்லை. பில் போடுபவர் திரையில் பார்ப்பதும் அதைத்தான். முழங்காலால்தான் இடுப்பு கெட்டது என்று மருத்துவர் தெளிவாக எழுதியிருந்தாலும், ரேட்டிங் தரும் பிரிவு அதை ஏற்கும்வரை அது தனி நோய்தான். இந்த மாதிரி முடிவுகளில் தவறும் நடக்கிறது, திருத்தமும் நடக்கிறது. இரண்டுக்கும் நாள் பிடிக்கிறது.

அடுத்தது இன்சூரன்ஸ். படைவீரருக்கு வேலை வழியாகவோ மனைவி அல்லது கணவர் வழியாகவோ தனியார் இன்சூரன்ஸ் இருந்தால், பணியோடு தொடர்பில்லாத சிகிச்சைக்கு வி.ஏ. முதலில் அந்த நிறுவனத்துக்குப் பில் அனுப்பும். அங்கிருந்து வரும் பணம் கோபேயில் கழிக்கப்படும், பல நேரம் கோபே முழுவதும் அதிலேயே தீர்ந்துவிடும். இங்கேயும் தாமதம் அடிக்கிறது. தனியார் நிறுவனங்கள் பில்லை ஏற்பதற்கு ஒரு கால வரம்பு வைத்திருக்கும். கோரிக்கை நேரத்துக்குப் போகாமல் நிறுவனம் மறுத்துவிட்டால், கழிந்திருக்க வேண்டிய தொகை கழியாது, அது படைவீரரின் கணக்கில் நிற்கும்.  65 வயதைக் கடந்தவர்களின் நிலை வேறு. அவர்களில் பலர் நம்பியிருப்பது மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டை. வி.ஏ. மெடிகேருக்குப் பில் அனுப்ப முடியாது. எனவே அவர்களுக்குக் கழிவு என்ற பேச்சே இல்லை.

வருமானச் சோதனை வழியாகவும் பழைய பில் வரும். முன்பு ஒவ்வொரு வருடமும் படைவீரர் தன் வருமானத்தைப் படிவத்தில் எழுதித் தர வேண்டியிருந்தது. 2014இல் அதை நிறுத்தி, வரித் துறையிடமும், அரசு ஓய்வூதியம் தரும் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்திடமும் நேரடியாகத் தகவல் வாங்கத் தொடங்கினார்கள். படிவச் சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் வரிக் கணக்குகள் தாக்கலாகி, அந்த விவரம் வி.ஏ.வுக்கு வந்து ஒப்பிடப்படும்போது அந்த வருடம் எப்போதோ முடிந்திருக்கும். வரம்பைத் தாண்டிய வருமானம் என்று அப்போது தெரியவந்தால், விலக்கு பின்தேதியிட்டு ரத்தாகி, அந்த வருடச் சந்திப்புகளுக்கெல்லாம் பில் வரலாம். வருமானம் கூடியதற்குக் காரணம் ஒரு வீட்டை விற்றதோ ஓய்வுச் சேமிப்பிலிருந்து ஒருமுறை பணம் எடுத்ததோகூட இருக்கலாம்.

போர்முனையிலிருந்து திரும்பிய இளைஞர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. பணியிலிருந்து வந்ததும் குறிப்பிட்ட காலத்துக்கு அவர்களுக்கு உயர்ந்த முன்னுரிமை கிடைக்கிறது. 2022ஆம் ஆண்டின் பாக்ட் சட்டம் அந்தக் காலத்தை ஐந்து வருடத்திலிருந்து பத்தாக நீட்டியது. அது முடியும் நாளில் அவர் சத்தமில்லாமல் வேறு பிரிவுக்கு மாற்றப்படுகிறார். அதே கிளினிக், அதே மருத்துவர், அதே மருந்து, ஆனால் இப்போது கட்டணம் உண்டு. உடனுக்குடன் பில் வந்தால் முதல் மாதமே விஷயம் தெரிந்துவிடும். பில் ஒரு வருடம் கழித்து வந்தால், தெரியாமலே கடன் சேர்ந்துகொண்டிருக்கும்.

வெளி மருத்துவமனைக்குப் போனால்

2014இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகர வி.ஏ. மருத்துவமனையில், காத்திருப்புப் பட்டியலையே மறைத்து வைத்திருந்த விஷயம் வெடித்தது. துறையின் செயலர் எரிக் ஷின்செகி பதவி விலகினார். சில வாரங்களில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: 30 நாட்களுக்குள் சிகிச்சை கிடைக்காதவர்களும், வி.ஏ. மையத்திலிருந்து 40 மைலுக்கு அப்பால் வசிப்பவர்களும் வெளியில் தனியார் மருத்துவரைப் பார்க்கலாம், அரசு பணம் தரும். 2018இன் மிஷன் சட்டம் அதை விரிவாக்கியது. 2019 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, பொது மருத்துவத்துக்கு 20 நாளும் சிறப்பு மருத்துவத்துக்கு 28 நாளும் தாண்டிக் காத்திருக்க வேண்டியிருந்தாலோ, முறையே 30 நிமிடம், 60 நிமிடத்துக்கு மேல் வண்டியில் போக வேண்டியிருந்தாலோ வெளியில் பார்த்துக்கொள்ளலாம்.

காத்திருப்பைக் குறைக்க வந்த இந்த ஏற்பாடு காகித வேலையைப் பெருக்கிவிட்டது. வெளி மருத்துவமனை பில்லை ஓர் இடைநிலை நிறுவனத்துக்கு அனுப்புகிறது. நாட்டின் ஒரு பகுதிக்கு ஆப்டம், இன்னொரு பகுதிக்கு ட்ரைவெஸ்ட். அவர்கள் பணம் கொடுத்துவிட்டு வி.ஏ.விடம் வாங்கிக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகுதான் படைவீரரின் கோபே எவ்வளவு என்று வி.ஏ. கணக்குப் போட முடியும். ஒரு சந்திப்பின் தகவல் மூன்று கணினி அமைப்புகளைக் கடந்து வர வேண்டும். எங்கே நின்றாலும் எல்லாம் நின்றுவிடும்.

இங்கே இரண்டு விதமான பில்களைப் பிரித்துப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் இரண்டுக்கும் தீர்வு வேறு. ஒன்று, வி.ஏ.வே தாமதமாக அனுப்பும் கோபே பில். இது சட்டப்படி கட்ட வேண்டியதுதான், நேரம்தான் தவறு. இன்னொன்று, வி.ஏ. பணம் தராததால் வெளி மருத்துவமனை நேராகப் படைவீரர் வீட்டுக்கு அனுப்பும் பில். வி.ஏ. அனுமதித்த சிகிச்சைக்கு இப்படிக் கேட்கவே கூடாது. வி.ஏ.வின் வலையமைப்பில் சேர்ந்துள்ள வெளி மருத்துவமனை வி.ஏ. தரும் தொகையோடு கணக்கை முடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம். ஆனாலும் கேட்கிறார்கள். மாதக்கணக்கில் பணம் வராத மருத்துவமனையின் கணினி, அடுத்தபடியாக நோயாளியின் பெயருக்குப் பில் அடிக்கிறது, அப்புறம் வசூல் ஏஜென்சிக்குத் தள்ளுகிறது. 2014 சட்டத்தின் ஆரம்ப வருடங்களில் இது எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்கு ஒரே சான்று போதும். 2016 பிப்ரவரியில், இப்படிக் கிரெடிட் பதிவு (கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் வரலாறு) கெட்டுப்போன படைவீரர்களுக்கென்றே வி.ஏ. தனியாக ஒரு தொலைபேசி உதவி மையம் திறக்க வேண்டியிருந்தது.

அனுமதிச் சீட்டிலும் சிக்கல் இருக்கிறது. வெளி மருத்துவரிடம் அனுப்பும்போது வி.ஏ. ஒரு குறிப்பிட்ட சிகிச்சைத் தொகுப்புக்கு, குறிப்பிட்ட காலத்துக்குத்தான் அனுமதி தருகிறது. அந்த மருத்துவர் கூடுதலாக ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னால், அது தொகுப்பில் இல்லையென்றால், மறுபடி வி.ஏ.விடம் படிவம் போட்டு அனுமதி வாங்க வேண்டும். பரபரப்பான ஒரு கிளினிக்கில் அதை யாராவது மறந்தால் போதும். ஸ்கேன் மேஜையில் படுத்திருக்கும் நோயாளிக்கு அந்தப் படிவம் போனதா இல்லையா என்று எப்படித் தெரியும்?

அவசரச் சிகிச்சை

நெஞ்சுவலியோடு ஆம்புலன்ஸில் போகிறவர், வழியில் வி.ஏ. மருத்துவமனை இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்க மாட்டார். பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கேதான் போவார். சட்டமும் அதை ஏற்கிறது. ஆனால் சிகிச்சை தொடங்கிய 72 மணி நேரத்துக்குள் வி.ஏ.வுக்குத் தகவல் போய்ச் சேர வேண்டும். மருத்துவமனையோ குடும்பமோ சொல்லலாம், யாரும் சொல்லாவிட்டால் தகராறு ஆரம்பமாகிவிடும். ராணுவப் பணியோடு தொடர்பில்லாத அவசரம் என்றால் நிபந்தனைகள் இன்னும் இறுகும். கடந்த 24 மாதங்களுக்குள் வி.ஏ.விடம் ஒருமுறையாவது சிகிச்சை பெற்றிருக்க வேண்டும். கோரிக்கையை 90 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆரோக்கியமாக இருந்ததால் இரண்டு வருடம் மருத்துவர் பக்கமே போகாதவருக்கு அந்த 24 மாத விதி எவ்வளவு கொடுமையானது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆம்புலன்ஸ் நிறுவனம், அவசரப் பிரிவு, எக்ஸ்ரே படித்த மருத்துவர், மயக்க மருந்து கொடுத்தவர் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பில் அனுப்புவார்கள். ஒன்று சரியாகத் தீர்ந்தால்கூட மற்றவை தொங்கிக்கொண்டிருக்கலாம்.

துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2019இல் வெளியிட்ட அறிக்கையை, இந்த விஷயத்தில் அக்கறை உள்ள யாரும் கடந்துபோக முடியாது. 2017 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மறுக்கப்பட்ட அல்லது திருப்பி அனுப்பப்பட்ட அவசரச் சிகிச்சைக் கோரிக்கைகளை அது ஆராய்ந்தது. அவற்றில் சுமார் 31 சதவீதம் தவறாகக் கையாளப்பட்டவை என்பது அதன் மதிப்பீடு. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 17,400 பேர், தொகை 5 கோடி டாலருக்கு மேல். ஆறே மாதத்தில். வேகமாகக் கோப்பை முடிக்க வேண்டும் என்று ஊழியர்கள் மேல் இருந்த அழுத்தத்தையும் அந்த அறிக்கை சுட்டிக்காட்டியது. தேங்கிய கோப்பைக் குறைக்கும் அவசரத்தில் நியாயமான கோரிக்கைகளை மறுப்பது, தாமதத்தைக் குறைப்பது ஆகாது. அதை நோயாளி பக்கம் தள்ளிவிடுவது மட்டுமே.

அவசரச் சிகிச்சைக்கு வி.ஏ. பணம் கொடுத்து, மருத்துவமனை அதை 30 நாளுக்குள் மறுத்துத் திருப்பி அனுப்பாவிட்டால், படைவீரரின் பொறுப்பு முழுவதும் தீர்ந்துவிடும் என்று சட்டமே சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது வேலை செய்யத் தொடங்குவது வி.ஏ. பணம் கொடுத்த நாளிலிருந்து. கொடுக்கும்வரை அவர் திறந்தவெளியில்தான் நிற்கிறார். தற்கொலை நெருக்கடிக்கு மட்டும் 2023 ஜனவரியிலிருந்து நிலைமை தெளிவாகியிருக்கிறது. எந்த மருத்துவமனையில் சேர்ந்தாலும், வி.ஏ.வில் பதிவு செய்யாதவராக இருந்தாலும், 30 நாள் உள்நோயாளிச் சிகிச்சையும் 90 நாள் வெளிநோயாளிச் சிகிச்சையும்வரை இலவசம்.

கட்டாத பில் எங்கே போகிறது

வி.ஏ. கோபே கட்டப்படாமல் நின்றால் அது மத்திய அரசுக்கான கடன். 120 நாள் நிலுவையானால் அதைக் கருவூலத் துறைக்கு அனுப்ப வேண்டும் என்று 2014இன் ஒரு சட்டம் சொல்கிறது. முன்பு 180 நாளாக இருந்தது. கருவூலத்துக்குப் போனபின் அவருக்குத் திரும்பி வர வேண்டிய வரிப் பணம் முழுவதையும் பிடித்துக்கொள்ளலாம். சமூகப் பாதுகாப்புப் பணத்திலும், மாதம் 750 டாலருக்கு மேல் இருந்தால், 15 சதவீதம்வரை கழிக்கலாம். வட்டியும் நிர்வாகக் கட்டணமும் சேரும். இன்னொரு சங்கதி: இப்படிக் கழித்துக்கொள்வதற்குப் பத்து வருட வரம்பு ஒன்று இருந்தது. 2008இல் ஒரு விவசாயச் சட்டத்தின் நடுவே அதை எடுத்துவிட்டார்கள். அரசுக்கு வர வேண்டிய கடனை எத்தனை வருடம் கழித்தும் இந்த வழியில் பிடிக்கலாம்.

கிரெடிட் பதிவு விஷயத்தில் கொஞ்சம் முன்னேற்றம் உண்டு. 2018இல் வந்த சட்டப்படி, வி.ஏ. அனுமதித்த சிகிச்சைக்கான கடன் என்று தெரிந்தால், சிகிச்சை நடந்து ஒரு வருடம் ஆகாதவரை கிரெடிட் நிறுவனங்கள் அதைப் பதிவில் சேர்க்கக் கூடாது. 2022இல் வி.ஏ. தன் பங்குக்கு விதியை மாற்றி, கிரெடிட் நிறுவனங்களுக்குத் தான் அனுப்பும் கடன் தகவல்களைப் பெருமளவு குறைத்துக்கொண்டது. இவை வீட்டுக் கடனோ வாடகை வீடோ தேடும் படைவீரருக்கு மெய்யான பாதுகாப்பு. ஆனால் பில் அவர் கைக்கு வந்து சேரும் நேரத்தை இவை தொடவில்லை.

இனி, இந்த அமைப்பில் யாருக்கு என்ன கெடு என்று பாருங்கள். அவசரத் தகவலுக்கு 72 மணி நேரம். பணியோடு தொடர்பில்லாத அவசரக் கோரிக்கைக்கு 90 நாள். வெளி மருத்துவமனை பில் அனுப்ப 180 நாள். மின்னணு வழியில் வந்த சரியான பில்லுக்கு வி.ஏ. 30 நாளில் பணம் தர வேண்டும், காகிதத்தில் வந்தால் 45 நாளில், தாமதித்தால் வட்டி. அந்த வட்டி மருத்துவமனைக்குப் போகிறது. பில் இத்தனை நாளுக்குள் வராவிட்டால் உன் கடமை முடிந்தது என்று படைவீரருக்குச் சொல்லும் கெடுவை மட்டும் காணோம். கெடு தவறினால் தண்டனை எல்லோருக்கும் உண்டு, தாமதமாகப் பில் போடும் அலுவலகத்துக்கு மட்டும் இல்லை.

இது தவிர்க்க முடியாத ஒன்றா? மெடிகேரில் மருத்துவமனை ஒரு வருடத்துக்குள் கோரிக்கை அனுப்பாவிட்டால் பணம் கிடைக்காது, தன் தவறால் தாமதித்துவிட்டு அந்தச் செலவை நோயாளியிடம் கேட்கவும் முடியாது. அதே நாடு, அதே அரசு. மெடிகேர் நோயாளிக்குக் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பைப் படைவீரருக்கு மறுக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

எனவே கேட்க வேண்டியது இதுதான். சிகிச்சை நடந்து குறிப்பிட்ட நாட்களுக்குள், 180 நாள் என்றே வைத்துக்கொள்வோம், படைவீரருக்குப் பில் அனுப்பப்படாவிட்டால் அந்தக் கோபே தானாகத் தள்ளுபடியாக வேண்டும். விண்ணப்பித்துப் பெறும் தள்ளுபடியாக இருந்தால், யாருக்கு அது அதிகம் தேவையோ அவருக்கே எட்டாது. மூளைக் காயமோ மன அழுத்தமோ உள்ள ஒருவரிடம் பல பக்கப் படிவத்தை நிரப்பி உரிமையை நிரூபி என்பது, உரிமையை மறுப்பதற்குச் சமம்.

வருவாய் குறையும் என்ற எதிர்வாதம் வரும். கவனிக்க வேண்டிய வாதம்தான், ஏனென்றால் அந்தப் பணம் மருத்துவமனைகளுக்கே திரும்பிப் போகிறது. ஆனால் வி.ஏ. வசூலிப்பதில் பெரும்பங்கு இன்சூரன்ஸ் நிறுவனங்களிடமிருந்து வருகிறது, படைவீரர்களின் கோபே அதில் சிறு பங்கு. கெடு வைப்பதால் கோபே ஒழிந்துவிடப் போவதும் இல்லை, நேரத்துக்குக் கேட்டால் நேரத்துக்கு வரும். தாமதிக்கும் அலுவலகத்துக்கு நஷ்டம் என்று ஆனால்தான் கணினி அமைப்பைச் சரிசெய்ய ஆளும் பணமும் ஒதுக்கப்படும். மருத்துவமனைக்குத் தர வேண்டிய பணத்துக்கு 30 நாள் கெடுவும் வட்டியும் வைத்தபோது நாடாளுமன்றம் பயன்படுத்திய தர்க்கமும் இதுவேதான்.

தள்ளுபடி நிர்வாக ரீதியில் சாத்தியமில்லை என்றும் சொல்ல முடியாது. கோவிட் காலத்தில் கோபே பில்களை நிறுத்தி வைத்தார்கள். நின்ற பில்கள் எல்லாம் மொத்தமாக வரப்போகின்றன என்ற அச்சம் எழுந்தபோது, 2021 மார்ச்சில் வந்த நிவாரணச் சட்டம் 2020 ஏப்ரல் 6 முதல் 2021 செப்டம்பர் 30 வரையான கோபேக்களை ரத்து செய்தது. ஏற்கெனவே கட்டியவர்களுக்குப் பணம் திரும்பப் போனது. பூர்வகுடிப் படைவீரர்கள் விஷயமும் அப்படித்தான். அவர்களுக்குக் கோபே கிடையாது என்ற சட்டம் 2022 ஜனவரி 5 முதல் செல்லும். அதற்கான விதி வெளிவந்தது 2023 ஏப்ரலில். இடையில் பதினைந்து மாதங்கள் பில் போய்க்கொண்டிருந்தது, பிறகு பின்தேதியிட்டுத் திருப்பித் தந்தார்கள். தாமதம் தன்னுடையது என்று அரசு ஒப்புக்கொண்டால் கணக்கைத் திருத்த அதற்குத் தெரியும்.

கடிதம் வந்தவர்கள் செய்யக்கூடியது

சட்டம் மாறும்வரை இருக்கிற வழிகளைப் பயன்படுத்த வேண்டும். முதலில் கடிதம் யாரிடமிருந்து என்று பாருங்கள். வெளி மருத்துவமனையோ வசூல் ஏஜென்சியோ அனுப்பியது என்றால் பணம் கட்டுவதற்கு முன் வி.ஏ.வை அழையுங்கள். அனுமதி எண், சிகிச்சைத் தேதி, அனுமதிக் கடிதத்தின் நகல் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பயத்தில் கட்டிவிட்டுப் பிறகு திரும்ப வாங்குவது மிகவும் கடினம்.

வி.ஏ.வே அனுப்பிய கோபே பில் என்றால், ஒவ்வொரு தேதியையும் உங்கள் ரேட்டிங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே நாளில் இரண்டு வெளிநோயாளிச் சந்திப்புக்குப் பணம் கேட்டிருந்தால் அது தவறு, ஒரு நாளுக்கு ஒரு கோபேதான். தவறு என்று தோன்றினால் எழுத்தில் ஆட்சேபியுங்கள், உடனே, கூடுதல் கட்டணம் சேர்வதற்கு முன்பே. தொகை சரிதான், கட்ட வசதியில்லை என்றால் தவணை கேட்கலாம், 5655 எண் படிவத்தில் நிதிநிலையை எழுதித் தள்ளுபடியோ சமரசத் தொகையோ கேட்கலாம். இந்த வருடம் வருமானம் குறைந்திருந்தால் இனி வரப்போகும் கோபேக்களுக்கு விலக்குக் கேட்கத் தனிப் படிவம் இருக்கிறது. மாவட்ட அளவில் இருக்கும் படைவீரர் சேவை அதிகாரிகளும், அமெரிக்கன் லீஜியன், டி.ஏ.வி. போன்ற படைவீரர் அமைப்புகளும் இதை இலவசமாகவே செய்து தருகிறார்கள். தனியாக மல்லுக்கட்டத் தேவையில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். ரேட்டிங் கோரிக்கைகள் முடிவாகவும் நாளாகிறது. 125 நாளைத் தாண்டியவற்றைத்தான் தேக்கம் என்றே வி.ஏ. கணக்கில் எடுக்கிறது. முடிவு வரும்போது அது பெரும்பாலும் பின்தேதியிட்டுத்தான் வரும். அந்தத் தேதியிலிருந்து உங்களுக்கு 50 சதவீத ரேட்டிங் என்று ஆனால், இடைப்பட்ட காலத்தில் நீங்கள் கட்டிய கோபே எல்லாம் உங்களுக்குத் திரும்பி வர வேண்டிய பணம். அது தானாக வராவிட்டால், ரேட்டிங் கடிதத்தின் நகலோடு, கட்டிய ரசீதுகளையும் இணைத்து, உங்கள் வி.ஏ. மருத்துவமனையின் பில் பிரிவில் கேளுங்கள்.